தாசில்தாருக்கு நகம் வெட்டுதல்

மொத்தம் பதினாலு நகம். முன்காலுக்கு நாலு, நாலு; பின்காலுக்கு மூணு, மூணு. மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தும் அதே பதினாலுதான் வந்தது. ஒன்றாவது குறையக் கூடாதா என்றிருந்தது குமாரவடிவேலுக்கு. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. ஆனையூர் வீட்டின் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் பழைய பச்சைத் துண்டை விரித்து, அதன் மேல் தாசில்தாரை உட்கார வைத்திருந்தார். தாசில்தார் என்றால் நிஜத் தாசில்தார் இல்லை. கினி பிக். எலியிலும் சேராமல் முயலிலும் சேராமல், வாலும் இல்லாமல், உரித்த தேங்காய் அளவுக்குப் பாதி வெள்ளையும் பாதி பழுப்புமாக ஒரு ஜீவன். அதற்கு அந்தப் பேரை வைத்தவள் மகள் கோதை. "பாருப்பா, ஒரு வேலையும் செய்யாது, உக்காந்த இடத்துக்கு எல்லாம் வரணும், அஞ்சு நிமிஷம் லேட்டானா ஊரையே கூட்டும். இதுக்கு வேற என்ன பேரு வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தாள். முப்பத்துநாலு வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டி, டெப்டி தாசில்தாராகவே ரிட்டயர் ஆகி வந்த மனுஷன் இருக்கிற வீட்டில் வைக்கிற பேரா அது? அன்றைக்கு அவரும்தான் சிரித்தார். சிரித்துத் தொலைத்ததால்தான் பேர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு, ஆயுசில் ஒருநாளும் கிடைக்காத நாற்காலியின் பேரைச் சும்மா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிராணிக்கு, மடியில் போட்டு நகம் வெட்டவேண்டியிருக்கிறது. தலையெழுத்தை எழுதினவன் என்ன நினைத்துக்கொண்டு எழுதினானோ. "என்ன முழி வேண்டிக்கெடக்கு?" என்றார் அதைப் பார்த்து. அது மூக்கை ஆட்டியது. அதற்கு எல்லாவற்றுக்கும் மூக்கை ஆட்டத்தான் தெரியும்.

செல்போன் ஜன்னல் திட்டில் இருந்தது. அதில் கோதை பேசி அனுப்பிய ஒன்றே முக்கால் நிமிஷம் இருந்தது. அவருக்கு அனுப்பியது இல்லை, அவள் அம்மாவுக்கு அனுப்பியது. நேற்று சாயங்காலம் அண்ணன் மகள் வளைகாப்புக்கென்று சோழவந்தானுக்குக் கிளம்பிய தெய்வானை, செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, அவ இந்த மாசமும் வரமாட்டாளாம். வெட்டற முறையச் சொல்லி அனுப்பியிருக்கா. உங்க போனுக்குத் தள்ளிவிட்டிருக்கேன், கேட்டுக்கிட்டு வெட்டிவிடுங்க" என்று கத்திரிக்காய் வாங்கி வைங்க என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டாள். எட்டுத் தடவை கேட்டாயிற்று. முறை பிசகிவிடக் கூடாதே என்றுதான், வேறு எதற்காம்? 'அம்மா, அவர்கிட்ட சொல்லும்மா. துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிறணும். நெஞ்சப் பிடிச்சு அமுக்கிறக் கூடாது, மூச்சு முட்டும். அடியில கை குடுத்துத் தாங்கணும். ஒவ்வொரு காலா வெளிய எடுக்கச் சொல்லு. வெள்ளை நகத்துல உள்ள ரோஸ் கலர்ல தெரியும், அது நகக்கண்ணு, ரத்தம் ஓடுற இடம், அதுக்கு முன்னாடியே நிறுத்திறணும். கறுப்பு நகத்துல அது தெரியாது, பின்னாடி டார்ச் அடிச்சுப் பாக்கணும். நுனிய மட்டும், கொஞ்சம் கொஞ்சமா. ரத்தம் வந்துட்டா கார்ன் ஃப்ளோர் வச்சு அமுக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டணும்னு ஒண்ணும் இல்ல. அவரு அவசரப்படுவாரு. அவசரப்பட வேணாம்னு சொல்லு.' அவ்வளவுதான். அவர்கிட்டயாம். அவராம். பக்கத்து வீட்டுக்காரரா, பால் கார்டு போடுகிறவரா, யார் அந்த 'அவர்'? ஒன்றே முக்கால் நிமிஷத்தில் அப்பா என்று ஒரு இடத்தில் வாய் தவறியாவது வரக்கூடாதா? எட்டுத் தடவை கேட்டும் வரவில்லை. ஒன்பதாவது தடவை கேட்டால் மட்டும் வந்துவிடப் போகிறதா என்ன.

இடது கையால் துண்டைச் சுற்றினார். தாசில்தார் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. மறுபடி சுற்றினார். மறுபடி வந்தது. அமுக்கக் கூடாதாம், விடவும் கூடாதாம், பிடிக்கவும் வேண்டுமாம். இதற்கு எந்த மேனுவலில் விதி இருக்கிறது? கைக்குள் அதன் நெஞ்சு படபடபடவென்று அடித்துக்கொண்டது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு வேகம் எதற்கு, இப்படியே அடித்து அடித்து நின்றுவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே நெஞ்சு ஒரு தடவை தடுக்கியது. இது செத்துப்போனால் கதை முடிந்தது. கோதைக்கு இந்த வீட்டோடு மிச்சமிருக்கிற ஒட்டு இது ஒன்றுதான். ஏழு மாசத்துக்கு முன்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது இதையும் தூக்கிக்கொண்டுதான் போனாள். வில்லாபுரத்தில் அவள் பார்த்த வீட்டின் ஹவுஸ் ஓனர் நாய், பூனை, எலி ஒன்றும் கூடாது என்று சொல்லிவிட, மறுநாளே கூண்டோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. அந்த ஹவுஸ் ஓனர் யாரோ எவரோ, மகராசன், நன்றாக இருக்கட்டும். அவர் புண்ணியத்தில்தான் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வந்தாள். நகம் வெட்டத் தெய்வானைக்கு வராது, பிராணி கத்தினால் அவளும் சேர்ந்து கத்துவாள். ஆகவே கோதைதான் வரவேண்டியிருந்தது. வருவாள், இதே நாற்காலியில் உட்காருவாள், பதினாலையும் வெட்டுவாள், காப்பி குடிப்பாள், போய்விடுவாள்.

அந்த ஞாயிறுகளில் குமாரவடிவேல் வீட்டில் இருக்கமாட்டார். தைமாசம் தன் கூட வேலை பார்த்தவரின் மகனுக்குப் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறித்து, எல்லோருக்கும் சொல்லியாகிவிட்ட பிறகு 'எனக்கு இது வேணாம்ப்பா' என்று நின்றவள் அவள். நின்றவளோடு ஒரு மாசம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர் அவர். சோற்றைப் போட்டு வைத்தால் தட்டைத் திருப்பிவைத்துக்கொண்டு சாப்பிட்டார், என்னமோ அதில் பெரிய சாமர்த்தியம் இருக்கிற மாதிரி. அவள் போன பிறகு அந்தச் சம்பந்தக்காரரே பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "விடுங்க சார், பிள்ளைகளுக்குப் பிடிக்கலைன்னா என்ன பண்றது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆளுக்கே இல்லாத ரோஷத்தை இவர் எதற்காக மூட்டை கட்டிச் சுமந்தார் என்பது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பனும் மகளும் நகமும் சதையுமா இருந்தவங்களாச்சே என்று தெய்வானை யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தபோது எரிச்சல்தான் வந்தது. ஆமாம், நகமும் சதையும், அதுதான் இப்போது ஒருத்தி வந்து வெட்டிவிட்டுப் போகிறாளே. ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள் என்று தெரிந்தால் பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதைப் பார்த்து, திரும்பி நடப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு டீ. சில சமயம் மூன்று.

சரி, முதல் கால். இடது முன்கால். விரல்கள் அரிசி நீளம்கூட இல்லை. அதில் நாலு நகம், நல்லவேளையாக நாலும் வெள்ளை. உள்ளே ரோஸ் நிறம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் ஒரு மாதிரியும் இறக்கினால் ஒரு மாதிரியும் தெரிந்தது. நகவெட்டியை நுனியில் வைத்து, மூச்சைப் பிடித்து, 'டிக்'. ஒரு துணுக்கு பறந்து போய்த் தரையில் விழுந்தது. தாசில்தாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அட, இவ்வளவுதானா? இதற்கா ஏழு வாரம்? ஏழு வாரமாக இதை ஒத்திப்போட்டதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாது. வெள்ளி கூடாது. சனிக்கிழமை அவருடைய அம்மா காலத்திலிருந்து கூடாது. அமாவாசை கூடாது. தெய்வானையின் ஜென்ம நட்சத்திரத்தன்று கூடாது. வீட்டிலிருந்து ஒருத்தர் ஊருக்குக் கிளம்பிய நாளில் கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்த நாளும் கூடாது. இத்தனையும் கழித்து மிச்சமிருக்கிற ஒரு திங்களோ புதனோ வந்தால், அன்றைக்கு மனசு சரியில்லை. எலிக்கு எதுடா வெள்ளிக்கிழமை, எலிக்கு எதுடா நட்சத்திரம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நாள் பார்த்தது எலிக்காக இல்லை. அடுத்த ஞாயிறு வந்துவிடுவாள், அடுத்த ஞாயிறு வந்துவிடுவாள் என்று பார்த்ததுதான் அது. நேற்று ராத்திரி தாசில்தார் கூண்டுக்குள் வலது முன்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்ததைப் பார்த்த பிறகுதான், குனிந்து பார்த்தார். ஓரத்து நகம் வளைந்து உள்ளங்காலைத் தொடப் போயிருந்தது. ஐயோ பாவமே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையாவது ஒன்றாவது என்று காலையில் நாற்காலியை எடுத்துப் போட்டதும் அதனால்தான்.

'டிக்.' இரண்டு. 'டிக்.' மூன்று. தாசில்தார் ஒரு தடவை காலை உள்ளே இழுத்துக்கொண்டது. கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு காம்பைக் கொடுத்ததும் நறநறவென்று மென்றுகொண்டு காலை மறந்தது. லஞ்சம் வாங்கத் தெரிந்த பிராணி, பேர் பொருத்தம்தான். ஏழு வாரத்துக்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீக்கடைக்காரன் கடையைத் திறந்திருந்தால் இதெல்லாம் இல்லை. ஏதோ காதுகுத்து என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டான் கடங்காரன். நின்றார், பெஞ்சைத் தட்டிப் பார்த்தார், வெயில் தாங்கவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கதவைத் திறந்தால் கோதை இதே நாற்காலியில், இதே பச்சைத் துண்டோடு. அஞ்சு மாசத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம். கழுத்து எலும்பு தெரிய இளைத்திருந்தாள். இவருக்குச் சொல்லவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சனியன் நகத்துக்காக மாசத்துக்கு ஒரு தடவை திருடி மாதிரி வந்துவிட்டுப் போகாதே, தோன்றுகிறபோதெல்லாம் வா, இது உன் வீடு. அவ்வளவுதானே? நாலு வார்த்தை. வாயைத் திறந்தார். என்ன வந்தது? "நகம் வெட்டறதுக்காக நீ நேர்ல வரத் தேவையில்லை" என்று வந்தது. நேரில் வரத் தேவையில்லை! அடப்பாவி மனுஷா. முப்பத்துநாலு வருஷம் வாயில் ஊறிப்போன வாக்கியம். ஆபீஸில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. முதியோர் பென்ஷனுக்கு முட்டிவலியோடு மூன்று பஸ் மாறி வருகிற கிழவிகளிடம், "இனிமே நீங்க நேர்ல வரத் தேவையில்லைம்மா, நாங்களே அனுப்பிருவோம்" என்று அவர் சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது கருணை. அது சலுகை. அதைத் தூக்கிக் கொண்டுவந்து பெற்ற மகள் முன்னால் வைத்தால் அவள் என்ன செய்வாள்? கும்பிடுவாளா? எழுந்து, தாசில்தாரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மீதிப் பாதியைச் சொல்லியிருக்கலாம். எப்ப வேணா வா என்கிற மீதி. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தது? அவள் நிமிர்ந்து பார்த்தாள், இவர் சட்டையை ஆணியில் மாட்டத் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். மாட்டிவிட்டு வரும்போது அவள் தெருமுனையில் இருந்தாள். இதில் தெய்வானை வேறு, "வர வேணாம்னுதான் சொன்னீங்க, என் ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்று சாதித்தாள். "தேவையில்லைன்னுதான் சொன்னேன், வேணாம்னு சொல்லலை. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா உனக்கு?" "என்ன பெரிய வித்தியாசம்? புள்ள வரலைல்ல?" ஒரு உத்தரவில் 'தேவையில்லை'க்குப் பதில் 'கூடாது' என்று டைப் அடித்துவிட்டான் என்று ஒரு கிளார்க்கை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டவர் அவர். ஒரு வார்த்தையால ஒரு குடும்பமே நடுத்தெருவுல நிக்கும்யா, தெரியுமா உனக்கு என்று அன்றைக்குப் பெரிய மனுஷன் மாதிரிக் கத்தினார். பாவம், அந்தப் பையன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. ஏழு வாரமாகக் குளிக்கும்போதும், கீரை ஆயும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த வாக்கியத்தை எடுத்து எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். வரணும்னு அவசியமில்லை. வந்துதான் ஆகணும்னு இல்லை. நகத்துக்குன்னு வராதே. எப்படித் திருத்தினாலும் ஒவ்வொன்றிலும் ஒரு 'இல்லை' வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. ரெவின்யூ தமிழில் 'வா' என்று சொல்ல வழியே கிடையாது போலிருக்கிறது. 'ஆஜராகவும்' என்றுதான் உண்டு.

'டிக்.' நாலு. இடது முன்கால் முடிந்தது. இனி வலது, வில்லங்கம் பிடித்த கால். ஓரத்து நகம் கறுப்பு, கறுப்பு மட்டுமா, கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது. போன் டார்ச்சைப் பின்னால் பிடிக்க ஒரு கை, காலைப் பிடிக்க ஒரு கை, நகவெட்டிக்கு ஒரு கை. மூன்றாவது கைக்கு எங்கே போவது? போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தார், சரிந்தது. வெற்றிலைப் பெட்டியை முட்டுக் கொடுத்தார், நின்றது. வெளிச்சத்தில் கறுப்புக்குள் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது, பாதிவரைக்கும்தான். அதற்கு மேல் இருந்ததெல்லாம் வெறும் ஓடு. கடுகளவு வெட்டினார். பார்த்தார். இன்னும் கடுகளவு. நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக் கண்ணாடிக்குள் இறங்கியது. நாலு தடவையில் கொக்கி போய்விட்டது. உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். குத்தவில்லை, லேசாகக் கன்றியிருந்ததோடு சரி. தாசில்தார் அந்தக் காலைத் துண்டின் மேல் ஊன்றிப் பார்த்தது. முழுசாக ஊன்றியது. அதைப் பார்த்ததும் இவருக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல, ப்ரமோஷன் ஆர்டர் வந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. "எப்படி?" என்றார் சத்தமாக. "எப்படிடா?" கேட்க வீட்டில் ஆள் இல்லை. கோதை பார்த்திருந்தால் 'பரவால்லப்பா' என்றிருப்பாள். பார்த்திருந்தால். அந்த இடத்தில் மனசு போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது இவருக்கு வெட்டத் தெரிந்துவிட்டது. அப்படியானால் அவள் எதற்கு வரவேண்டும்? ஒவ்வொரு டிக்குக்கும் அவள் வருவதற்கு இருந்த காரணத்தையல்லவா துண்டு துண்டாக வெட்டித் தரையில் போட்டுக்கொண்டிருக்கிறார்? வெட்டாவிட்டால் இது நொண்டும். வெட்டினால் அவள் வரமாட்டாள். இதென்ன அநியாயம், யார் போட்ட உத்தரவு இது என்று கொதித்துக்கொண்டே அடுத்த நகத்தில் நகவெட்டியை வைத்தார், டார்ச் சரிந்துவிட்டதைக் கவனிக்காமல், எங்கே வைத்தோம் என்று பார்க்காமல், ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்.

தாசில்தார் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்து நகவெட்டி கீழே விழுந்தது. அது எப்போதும் கத்துகிற கத்தல் இல்லை. நகத்தின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு, குண்டூசித் தலை அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவு ஆகி, பச்சைத் துண்டில் இறங்கியது. ஐயையோ. ஐயையோ. இவ்வளவு சின்னதுக்கு உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கும்? ஒரு டம்ளர் இருக்குமா? அதுவும் இருக்காதே. கார்ன் ஃப்ளோர். கார்ன் ஃப்ளோர் வைக்கச் சொன்னாளே. பிராணியைத் துண்டோடு மார்பில் அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் நகத்தை அமுக்கிக்கொண்டு, போனையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். தட்டு நிறைய டப்பா. 'துவரம்பருப்பு' என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் ரவை. 'ரவை'யைத் திறந்தால் மிளகாய் வற்றல். 'சர்க்கரை'க்குள் ஏதோ வெள்ளை மாவு. 'கடுகு'க்குள் இன்னொரு வெள்ளை மாவு. பெயரே இல்லாத பாட்டிலில் மூன்றாவதாக ஒன்று. எது அரிசிமாவு, எது மைதா, எது சோடா உப்பு, எது கோலமாவு? பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவர் பேரில். இந்த மாதிரி வில்லங்கத்தைத் தாலுகா ஆபீஸில்கூட அவர் பார்த்ததில்லை. மஞ்சள்தூளை வைக்கலாமா? நம் வீட்டில் காயம் பட்டால் காப்பித்தூளை அப்புவார்கள், இதற்கு அப்பினால் நக்கித் தொலைத்து வேறெதாவது ஆகிவிட்டால்? தெய்வானைக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். அங்கே வளையல் போடுகிற நேரம், எடுப்பாளா அவள்? கட்டைவிரல் ஈரமாக இருந்தது. தாசில்தார் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது, கத்தினால்கூடத் தேவலை. இனி ஒரு ஆள்தான் பாக்கி. ஏழு மாசமாக அந்தப் பேருக்கு மேல் போய் நின்றுவிட்டுத் திரும்பிய விரல், இன்றைக்கு யோசிக்க நேரமில்லாததால் அமுக்கிவிட்டது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள், அலோகூட இல்லை. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. வளைகாப்புல இருக்கா." "அப்ப உங்களுக்கா?" "எனக்கும் ஒண்ணும் இல்ல. தாசில்தாருக்கு... வெட்டிட்டேன். ரத்தம் வருது. கார்ன் ஃப்ளோர் எங்க இருக்குன்னு தெரியலை, எல்லாம் வெள்ளையா இருக்கு." அவர் குரல் அவருக்கே யாரோ மனு கொடுக்க வந்தவன் குரல் மாதிரிக் கேட்டது. "சொட்டுதா, கசியுதா?" "கசியுது." தான் வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசுகிற குரலில், நிதானமாக, "ஸ்டவ்வுக்கு மேல ரெண்டாவது தட்டு. சேமியான்னு எழுதியிருக்கும். அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். திறந்தார். இருந்தது. ஏழு மாசத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவளுக்கு இது தெரிகிறது, தினம் மூன்று வேளை இங்கே சாப்பிடுகிறவனுக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் எடுத்து நகத்து மேல வச்சு அமுக்குங்க. ரெண்டு நிமிஷம். நடுவுல விட்டு விட்டுப் பாக்கக் கூடாது." "பாக்கலை." "பாப்பீங்க. பாக்காதீங்க." அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்தார். போன் ஸ்பீக்கரில் பக்கத்தில் கிடந்தது. அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், யாரோ ஒரு பாட்டி எந்த ரூமு, எந்த ரூமு என்று கேட்டார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது. சுவர்க்கடிகாரத்தில் முள் ஒரு சுற்று வந்தது. இந்த ரெண்டு நிமிஷம் தீரக்கூடாது என்று ஒரு பக்கம் இருந்தது, சீக்கிரம் தீர்ந்து இந்தப் பிராணிக்கு ரத்தம் நின்றால் போதும் என்று இன்னொரு பக்கம் இருந்தது. "லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்." "இப்ப பாருங்க." விரலை எடுத்தார். மாவு ரோஸாக உறைந்திருந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. "நின்னுருச்சு," என்றார், சொல்லும்போது குரல் உடைந்தது, அவள் காதில் விழுந்திருக்கும், விழட்டும்.

"நல்லது. இன்னைக்கு இதோட விட்டுருங்க, பயந்திருக்கும். வெள்ளரிக்காய் இருந்தாக் குடுங்க. எத்தனை வெட்டினீங்க?"

"ஆறு."

"ஆறா?" என்றாள். "பரவால்ல. அப்ப மிச்சம் எட்டு. அதத் தொடாதீங்க. ஞாயித்துக்கெழம நான் வேணா வந்து வெட்டி..."

"வேணாம்" என்றார் குமாரவடிவேல்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அந்தப் பக்கம் டோக்கன் நம்பர் மட்டும் கேட்டது. எழுபத்துமூன்று. எழுபத்துமூன்று வாங்க. பிராணியின் முதுகில் இருந்த கை அப்படியே நின்றது. போச்சு. மறுபடியும். இந்த நாக்கைத்தான் முதலில் வெட்டியிருக்கவேண்டும். இப்போது அவள் சரி என்று சொல்லி வைத்துவிடுவாள், இனி அடுத்த ஏழு வாரம், அதற்கடுத்த ஏழு வாரம். வருகிற வார்த்தை வரட்டும், அதற்குள் பேசித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தார்.

"இரு. வச்சுராத. நான் இன்னும் முடிக்கலை. நகத்துக்கு வேணாம்னு சொன்னேன். நகத்த நான் பாத்துக்குவேன். நாளைக்கு நாலு, ஞாயித்துக்கெழம காலையில நாலு, டார்ச்ச ஒழுங்கா வச்சுக்கிட்டு மெதுவா வெட்டி முடிச்சுருவேன். நீ வர்றப்ப இங்க உனக்குச் செய்யிறதுக்கு ஒரு வேலையும் இருக்காது. சும்மா உக்காந்திருக்கணும். மத்தியானம் சாப்பிடணும். அவ்வளவுதான். அதுக்கு வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டது; பாட்டியாகவும் இருக்கலாம்.

"அம்மா திங்கக்கெழமதான வர்றாங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்ப சமைக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நான் சாப்பிட்டுட்டே வர்றேன்ப்பா" என்றாள் கோதை.